உப்பளத்திலிருந்து ஒரு மாளிகையை வாசித்தல்

பழைய கட்டடத்தைப் புதுப்பித்து அதில் அரசு அலுவலகம் வைக்கிறார்கள், இதில் விமர்சனம் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கவிதைக்கு எழுதலாம், நாவலுக்கு எழுதலாம், சுண்ணாம்புக்கும் செங்கலுக்கும் எதற்கு? கட்டடமும் ஒரு பிரதிதான். யார் எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும், யார் எதுவரைக்கும் வரலாம், யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. எழுத்து தெரியாத எங்கள் ஜனங்கள் இந்தப் பிரதியை நன்றாகவே வாசித்து வந்திருக்கிறார்கள். தாலுகா ஆபீஸ் வராந்தாவில் எந்தத் தூண்வரைக்கும் போகலாம் என்று எங்கள் ஆயாவுக்கு யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. அதற்குப் பலகை தேவைப்பட்டதும் இல்லை.

நான் வாசிக்க எடுத்துக்கொள்வது சென்னை சேப்பாக்கம் மாளிகை. கலச மகால், ஹூமாயூன் மகால் என்று இரண்டு பகுதி. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காக 1760களில் எழுந்தது. கட்டிக்கொடுத்தவர் பால் பென்ஃபீல்ட் என்று சொல்வார்கள். இந்த பென்ஃபீல்ட் கம்பெனி வேலையில் இருந்துகொண்டே நவாபுக்குக் கடன் கொடுத்த ஆள். நவாபின் கடன் லண்டன் பாராளுமன்றம்வரை நாறி, 1785இல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி நீளமாகப் பேசினார். கடனுக்கு ஈடாக நவாப் எழுதிக்கொடுத்தது ஆற்காட்டுச் சீமையின் நிலவரி வருமானத்தை. அதாவது ஏரோட்டினவன், நாற்று நட்டவள், பண்ணையில் கிடந்தவன் கொடுத்தது. கட்டடக்கலை பற்றிய புத்தகங்களில் வளைவு இருக்கும், குவிமாடம் இருக்கும், 'இந்தோ-சாரசெனிக் பாணியின் தொடக்கம்' என்று இருக்கும். வட்டி இருக்காது.

1855இல் நவாப் பட்டம் ஒழிந்தது. 1859இல் மாளிகை ஏலத்துக்கு வந்து மதராஸ் சர்க்கார் கைக்குப் போனது. ராபர்ட் சிஷோம் என்கிற கட்டடக் கலைஞர் இரண்டு மகாலையும் இணைத்துக் கோபுரம் எழுப்பினார். வருவாய் வாரியம் அங்கே உட்கார்ந்தது. ஆக, 'வரலாற்றுக் கட்டடத்தை நவீன அரசு அலுவலகமாக மாற்றுவது' என்று இன்றைக்குப் புதிதாகப் பேசுகிறோமே, அது சேப்பாக்கத்தில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே நடந்துவிட்டது. இப்போது நடப்பது இரண்டாவது தடவை. 2012 ஜனவரியில் கலச மகால் தீப்பிடித்து எரிந்தது. தீயணைக்க உள்ளே போன வீரர் ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு சுண்ணாம்பு, தேக்கு, செங்கல் என்று பழைய முறைப்படியே அதைச் சீரமைத்தார்கள். இன்றைக்கு அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அடுத்து ஹூமாயூன் மகாலையும் எடுத்துச் செய்தார்கள்.

இதை மரக்காணத்திலிருந்து ஏன் வாசிக்க வேண்டும்? சம்பந்தம் இருக்கிறது, அதனால்தான்.

மரக்காணத்து உப்புக்கும் அந்த மாளிகைக்கும் நடுவில் ஒரு கால்வாய் ஓடியது. ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியாக வந்து மரக்காணத்து முகத்துவாரத்தில் முடிகிற பக்கிங்காம் கால்வாய். சின்ன வயதில் நாங்கள் நண்டு பிடித்த வாய்க்கால், நானூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமானது என்று எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலை என்ற பெயரில் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். அந்தப் பஞ்சத்தில்தான் ரிச்சர்ட் டெம்பிள் என்கிற துரை, நிவாரண வேலைக்கு வருகிற ஆம்பிளைக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்குப் போட்டார். பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத பறையர், பள்ளர், சக்கிலியர். எலும்புக்கூடுகள் வெட்டிய கால்வாய்க்கு ஆளுநர் பெயர் கிடைத்தது. அதில் உப்பு ஏற்றிய படகுகள் வடக்கே போயின.

உப்பு யாருடையது? 1805இல் கம்பெனி மதராஸ் ராஜதானியில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பிறகு தீர்வை. 1882இல் மணங்கு ஒன்றுக்கு இரண்டு ரூபாய், 1888இல் இரண்டரை ரூபாய். மணங்கு என்பது 82 பவுண்டு. கூலிக்காரன் வீட்டு உலையில் விழுகிற ஒரு பிடி உப்புக்கும் வரி. கழியோரத்தில் வெயிலில் தானாகப் பூத்த உப்பை அள்ளினால் குற்றம். தானாக விளைந்ததை மண்ணோடு மிதித்து அழிப்பதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தார்கள். 1889இல் மெட்ராஸ் உப்புச் சட்டம் வந்தது. உப்பு, சாராயம் இரண்டையும் மேய்த்தது வருவாய் வாரியம். வாரியம் இருந்த இடம் சேப்பாக்கம். எங்கள் பாத்தியில் விளைந்தது மூட்டைக் கணக்காக அங்கே ஏடு ஏறியது. மிதித்த காலுக்கு ஏடு கிடையாது.

1930 வேதாரண்யம் எல்லாருக்கும் தெரியும். பாடப் புத்தகத்தில் இருக்கிறது. 1947இல் உப்பு வரி போனதும் தெரியும். உப்பளத்துக்குள் சுதந்திரம் வந்ததா என்பது தனிக் கதை. அதை எழுத வந்தால் தூத்துக்குடியைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதினார், உள்ளேயிருந்து ஸ்ரீதர கணேசன் 'உப்பு வயல்' எழுதினார். மரக்காணத்துக்கு இன்னும் அப்படி ஒரு நாவல் வரவில்லை என்பது எங்களுக்கு உள்ள குறை. இங்கே படிக்கிற மாணவர்கள் யாராவது செய்யட்டும்.

இப்போது கட்டடத்துக்கு வருவோம்.

எரிசக்திச் சிக்கனம் பேசுகிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதைக் கேலி செய்து தள்ளிவிடக் கூடாது. இருக்கிற கட்டடத்தை இடித்துவிட்டுப் புதுசு கட்டினால், ஏற்கெனவே செங்கல் சுட்ட நெருப்பு வீண், புதிதாகச் சிமெண்டுக்கும் கம்பிக்கும் எரிகிற நெருப்பு கூடுதல். பழையதை வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, சுவர். இந்த மாதிரி மாளிகைகளின் சுவர் இரண்டு மூன்று அடி கனம். காலையில் அடிக்கிற வெயில் அந்தச் சுவருக்குள் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். ஆபீஸ் ஐந்து மணிக்கு மூடிவிடுவான். அதாவது வெப்பம் உள்ளே வந்து சேருகிற நேரத்தில் அதிகாரி வீட்டுக்குப் போயிருப்பார். ராத்திரி கடல்காற்றுக்கு ஜன்னலைத் திறந்து விட்டால் சுவர் மறுபடி ஆறிக்கொள்ளும். மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் கட்டையால் அடித்து, மேலே தட்டோடு பதிப்பது. உயரமான கூரை, சுற்றி வராந்தா, மரச் சட்டமிட்ட ஜன்னல். எல்லாம் சேர்ந்து வெளியே அனல் அடிக்கும்போது உள்ளே உட்கார விடும்.

மூன்றாவது சங்கதி எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலோரச் செங்கல்லில் ஈரமும் உப்பும் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், ஈரம் வெளியே போய்விடும். அதன் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு படிகமாகி, பூச்சைப் பொரித்துத் தள்ளும். தண்ணீர் போய் உப்பு கட்டியாகிறபோது அதற்கு என்ன பலம் என்று பாத்தியில் நின்றவர்களுக்குத் தெரியும். பொறியாளர்கள் இதைப் புரிந்துகொண்டு சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்புகிறார்கள். கடுக்காய் ஊறவைத்து, வெல்லம் கலந்து அரைத்து. நல்லது. அரைப்பது யார்? செய்திகளில் 'அரைக்கப்பட்டது' என்று வரும். 'பூசப்பட்டது', 'மீட்டெடுக்கப்பட்டது'. தமிழில் செயப்பாட்டு வினைக்கு இவ்வளவு வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், சித்தாளின் வேலையைச் சொல்ல வேண்டிய இடத்தில் என்று பதில் சொல்வேன். கழிமுகத்துச் சேற்றில் இறங்கிக் கிளிஞ்சல் அரித்தவர், சூளையில் சுட்டவர், வெந்த சுண்ணாம்பு கையில் பட்டுத் தோல் உரிந்தவர் - ஒருத்தருக்கும் வாக்கியத்தில் எழுவாயாக இடம் இல்லை.

'அந்தக் காலத்தில் மின்சாரமே இல்லாமல் எவ்வளவு குளுகுளுவென்று இருந்தது பாருங்கள்' என்று பாரம்பரியப் பிரியர்கள் உருகுகிறார்கள். இந்த வாக்கியத்தை நிறுத்தி வாசிக்க வேண்டும். மின்சாரம் இல்லை, சரி. சக்தியே இல்லாமலா குளிர்ந்தது? துரையின் தலைக்கு மேல் பங்கா ஆடியது. பங்காவின் கயிறு சுவரில் இருந்த ஓட்டை வழியாக வராந்தாவுக்குப் போனது. அந்தப் பக்கம் ஒரு மனுஷன் நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தான். தூக்கம் வந்தால் கால் கட்டைவிரலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இழுத்தான். கண் அசந்தால் உதை. பங்கா இழுப்பவனை அடித்துக் கொன்ற துரைகளுக்குச் சொற்ப அபராதம் போட்டு அனுப்பிய வழக்குகள் பிரிட்டிஷ் இந்தியாவில் பேர்போனவை. ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கும். அது காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க ஒரு ஆள். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்து வழியாகத் தோட்டி வந்து மலத்தொட்டியை எடுத்துப் போவார். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்தக் காலத்து 'இயற்கைக் குளிர்ச்சி'. இத்தனை பேர் கைகாலை யூனிட் கணக்கில் எவனும் எழுதவில்லை. ஆகவே பூஜ்யம் என்று ஆகிவிட்டது.

மின்விசிறி வந்ததும் பங்கா இழுப்பவர் போனார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. தலித் பார்வையில் இயந்திரம் பல நேரம் விடுதலை. இயந்திரத்தைத் திட்டிக்கொண்டு பழமைக்குத் திரும்பச் சொல்கிறவர்கள், திரும்பினால் கயிற்றின் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அதே கட்டடத்துக்குள் இன்னொரு கோப்பும் போய் வந்தது. அதை நாம் மறக்கக் கூடாது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் தன் ஜில்லாவின் பறையர்கள் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். சேரியில் குடிசை நிற்கிற மண்கூட மிராசுதாரனுக்குச் சொந்தம், எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி செய்யச் சொல்வான், தரிசு நிலம் கேட்டால் மிராசு உரிமை என்று தடுப்பான் என்பதையெல்லாம் ஒரு வெள்ளை அதிகாரி விவரமாக எழுதி வைத்தது அந்தக் குறிப்பு. அது வருவாய் வாரியத்தின் மேஜைக்குப் போனது. கடைசியில் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் பேசுகிறது அதிலிருந்து. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவருகிற கணக்கு. அதை மற்ற சாதிக்காரனுக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். நிபந்தனை காகிதத்தில் பத்திரமாக இருந்தது, நிலம் கைமாறிவிட்டது. அதை மீட்கப் போய்த்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பிரச்சினையில் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குச் செத்தார்கள். சுவரில் விரிசல் விட்டால் சுண்ணாம்பு அரைத்து மீட்கிறார்கள். அந்தச் சுவருக்குள்ளிருந்து புறப்பட்ட அரசாணையை மீட்பதற்கு வல்லுநர் குழு எதுவும் வரவில்லை. வருவாய் வாரியம் 1980இல் கலைக்கப்பட்டது. அதன் வாரிசு அலுவலகம் அதே சேப்பாக்கம் வளாகத்தில் எழிலகத்தில் இருக்கிறது. மாளிகைக்குப் போகிறவர்களுக்கு நவாபைப் பற்றி ஒரு பலகை வைக்கிறவர்கள், 1010 பற்றியும் ஒன்று வைக்கலாம். செலவு அதிகம் ஆகாது.

இதுவரை சொன்னது ஓரளவு எதிர்பார்த்ததுதான் என்று வாசகத் தோழர்கள் நினைக்கலாம். ஆதிக்கத்தின் கட்டடம், அடிமையின் உழைப்பு. சரி. எனக்கு உண்மையில் சிக்கலாக இருப்பது வேறு இடம். கூரை.

அரசாங்கம் தன் அலுவலகத்துக்குச் சுண்ணாம்பின் அருமையைக் கண்டுகொண்ட அதே காலத்தில் எங்களுக்கு என்ன கட்டிக்கொடுத்தது? தொகுப்பு வீடு. நாலைந்து அங்குல கான்கிரீட் கூரை, தாழ்வான தளம், ஒரு ஜன்னல். மதியம் வாங்கின வெயிலை அந்தக் கூரை ராத்திரி பத்து மணிவரை உள்ளே கொட்டும். உப்புக் காற்றில் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து ஊதி, சிமெண்டு செதில் செதிலாக விழும். தூங்குகிற பிள்ளை மேல் விழுந்த வீடுகள் உண்டு. 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய். 2030க்குள் எட்டு லட்சம் வீடு கட்டிக் குடிசையே இல்லாத தமிழ்நாடு ஆக்குவது நோக்கம். அதிலும் முக்கால்வாசிக்கு மேல் கான்கிரீட் தளம்தான். 'சூழலியல்' நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: ஏன் கான்கிரீட்? பனையோலை எவ்வளவு குளிர்ச்சி, மண்சுவர் எவ்வளவு அருமை, உங்கள் ஜனங்களுக்குத் தெரிந்த தொழில்நுட்பம்தானே?

தெரியும் நண்பரே. பனையோலை குளிர்ச்சி. பனையோலை எரியும்.

1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் 44 பேரைக் கொன்றது ஒரு குடிசை. குடிசைக்குள் தள்ளிப் பூட்டினவன் கொன்றான், ஆனால் ஓலை அவனுக்கு வேலையைச் சுலபமாக்கியது. 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் சித்திரை முழுநிலவு விழா. அதற்குப் போகிற வண்டிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்தபோது மூண்ட வன்முறையில் எங்கள் ஊரில் தலித் வீடுகள் எரிந்தன. ஓலைக்கூரை ஒரு பொறிக்குப் போனது. அதைப் பார்த்தவளிடம் போய், தாயே, மறுபடி ஓலையே வேய்ந்துகொள், பூமி சூடாகிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? காரைவீடு கட்டக் கூடாது, ஓடு போடக் கூடாது என்று சேரிக்குத் தடை இருந்த ஊர்கள் இந்த நாட்டில் எத்தனை. மச்சு வீடு என்பது எங்களுக்கு வெறும் கூரை இல்லை. அவன் தெருவில் இருக்கிற அதே கூரை நம் தெருவிலும். அந்த ஆசையைக் கரியமில வாயுக் கணக்கு காட்டிக் கண்டிக்கிற யோக்கியதை யாருக்கும் இல்லை.

ஆனால் கான்கிரீட்டும் காப்பாற்றிவிடவில்லை. 2012 நவம்பர் 7 தருமபுரி நத்தம் காலனியில் நின்றவற்றில் கெட்டிச் சுவர் வீடுகளும் இருந்தன. கதவை உடைத்து உள்ளே புகுந்து பீரோவையும் துணியையும் சான்றிதழையும் வைத்து எரித்தார்கள். சுவர் கறுத்து நின்றது. ஆக, பிரச்சினை கூரையில் இல்லை என்பதும் தெரிகிறது, கூரை இல்லாமலும் இல்லை என்பதும் தெரிகிறது. இந்த இடத்தில் எனக்குச் சுலபமான முடிவு கிடையாது. ஒன்று மட்டும் கேட்பேன். எரியாததும் வேண்டும், வேகாததும் வேண்டும். சேப்பாக்கத்து மெட்ராஸ் டெரஸ் இரண்டையும் ஓரளவு செய்கிறது, மர உத்திரம் தவிர. சுண்ணாம்புப் பூச்சு, வெள்ளையடித்த தளம், தட்டோடு, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போக்கு - இதெல்லாம் அரசாங்கப் பொறியாளர்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. மகாலுக்குத் தெரிந்தது காலனிக்கு வரும்போது எப்படி மறந்துபோகிறது? எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதி 2007இல் வந்தது, 2017இல் திருத்தினார்கள். பெரிய வணிகக் கட்டடங்களுக்கு என்று ஆரம்பித்தது. 2020 ஜனவரியிலிருந்து விற்கிற ஏசி பெட்டிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று உத்தரவு. அதிகாரியின் உடம்பு எத்தனை டிகிரியில் சுகமாக இருக்கும் என்பதற்கு அரசிடம் எண் இருக்கிறது.

இதை நான் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் உப்பு சுமந்தவள். முட்டி போய்விட்டது, கண்ணில் எப்போதும் தண்ணீர்.

"இருவத்தி நாலுன்னா எவ்ளோடா? குளிருமா?"

"மார்கழி விடியக்காலம் மாதிரி இருக்கும்மா."

"அப்ப நாங்க பாத்தியில நின்னது எவ்ளோ?"

எண் ஏதும் எனக்குச் சொல்ல வரவில்லை. அவளே சொன்னாள். "கீழருந்து உப்பு சுடும், மேலருந்து வெயிலு சுடும், நடுவுல நாம வேவுறோம். வெள்ளையா பளபளன்னு கண்ணுல குத்தும். ஒதுங்கணும்னா அம்பாரத்து நெழலுதான். அதுக்கும் கணக்குப்புள்ள வந்தா எழுந்துக்கணும். ஒண்ணுக்குப் போவ எடமில்லன்னு தண்ணி குடிக்கறதையே உட்டுட்டம்."

கடைசி வரியை மட்டும் ஆராய்ச்சிக்காரர்கள் மொழியில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில், 2017க்கும் 2020க்கும் நடுவில், 352 தொழிலாளர்களை சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் வேலைக்குப் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் நின்றவர்கள். ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்வதும், வியர்வையில் உடம்பு வற்றுவதும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது கொடுக்கிற 5,000 ரூபாய் நிவாரணம் நல்ல விஷயம்தான். வெயில்காலத்தில் வேலை இருக்கிறபோது கேட்பது ஒரு நிழல், ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்த் தொட்டி.

மரக்காணத்துக்கும் மகாலுக்கும் இன்றைக்கும் போக்குவரத்து நிற்கவில்லை. கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயம் ஆனது. அதன் முகத்துவாரத்துப் பக்கம் அழகன்குப்பம், ஆலம்பரைக்குப்பத்தில் மீன்பிடித் துறைமுகம் கட்டுகிற திட்டம் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு வழக்காகப் போனது. (அந்த ஆலம்பரையிலும் ஒரு பழைய கோட்டை உண்டு. 1760இல் ஆங்கிலேயர் இடித்தது, இடிபாடாகக் கிடக்கிறது. ஆபீஸ் வைக்க ஆகாது.) கழிமுகம் அடைபட்டால் உப்பங்கழிக்குக் கடல்நீர் வரத்து என்ன ஆகும், பாத்திக்கு என்ன ஆகும், அதில் நிற்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த அமர்வு கேட்க வேண்டிய கேள்விகள். கேட்கிற இடம் நமக்கு எதிரியின் இடம் என்று நான் சொல்லவில்லை. 1880களில் வரி போட உட்கார்ந்த மாளிகையில் இன்றைக்கு மண்ணையும் நீரையும் பற்றிப் புகார் கொடுக்கலாம் என்பது பெரிய மாற்றம். அதனால்தான் அந்தக் கட்டடத்தை இடிக்காமல் விட்டது சரி என்கிறேன். அங்கே போய் நிற்க நமக்கு வேலை இருக்கிறது.

ஆனால் புதுப்பித்தல் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் சண்டை போட வேண்டும். பழைய அலுவலகங்களை இப்படி மாற்றும்போது முதலில் வராந்தாவைக் கண்ணாடி வைத்து அடைக்கிறார்கள், ஏசி வைக்க வேண்டும் என்பதற்காக. அதோடு கடல்காற்று போச்சு, கட்டடத்தின் சொந்தக் குளிர்ச்சியும் போச்சு. மனு கொண்டுவருகிற ஜனங்கள் நிற்பதற்கு இருந்த நிழலும் போச்சு. பொறியியல் கணக்கிலும் இது தப்பு, ஜனநாயகக் கணக்கிலும் தப்பு. வராந்தாவில் பெஞ்சு போடு, பானைத் தண்ணீர் வை, மனுதாரருக்கு என்று கழிப்பறை கட்டு. அந்தக் கழிப்பறையைக் கழுவுகிறவர் ஒப்பந்தக் கூலியா, மாதச் சம்பளக்காரரா என்று கேள். எத்தனை அரசு அலுவலகங்களில் கூட்டிப் பெருக்குகிறவர்கள் ஒப்பந்தக்காரனிடம் கூலி வாங்குகிறார்கள், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் பின்சந்து இன்னும் மூடப்படவில்லை என்று தெரியும். பசுமைக் கட்டடத்துக்கு நட்சத்திரம் கொடுக்கிற படிவங்களில் தண்ணீருக்கு மதிப்பெண் உண்டு, விளக்குக்கு உண்டு, சைக்கிள் நிறுத்தக்கூட உண்டு.

மொழியையும் கட்டடக் கணக்கில் சேர்க்க வேண்டும். தீர்ப்பாயத்தின் நடவடிக்கை மொழி ஆங்கிலம். மரக்காணத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போய், அந்தக் கனத்த சுவருக்குள் நுழைந்து, தன் பாத்தியைப் பற்றி வேற்று மொழியில் யாரோ பேசுவதைக் கேட்டுவிட்டு ராத்திரி வீடு வந்து சேர்ந்த உப்பளத்துப் பெண் ஒருவர் என்னிடம் சொன்னது: "உள்ள நல்லா சில்லுன்னு இருந்துச்சு தம்பி. இன்னா பேசனாங்கன்னுதான் தெரியல."